தொப்பி வைத்த திட்டு

செதுக்கிக்கொண்டே வந்த மண்வெட்டி நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. கூடைக்காரி கிட்டே போய்ப் பார்த்தாள். வாயால் ஊதிப் பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை. திட்டின் மண்ணுக்குள்ளே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. எப்போதோ செத்துப்போன புல்லின் வேர்க் கோடு.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பள்ளத்துக்கு மேலே, கால்வாய்க் கரையில், அவர்கள் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் ஒன்றில் அவள் மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். கரையை அகலப்படுத்தப் போகிறோம், வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று கால்வாய்த் துறை சொல்லிவிட்டது. இன்று விசாரணை அதிகாரி வருகிறார். அவர் பார்க்கப்போவது கரை வீட்டு ஜனங்களின் முகத்தை அல்ல, இந்த மண் திட்டை. திட்டு என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் வீடு இருப்பதும் போவதும்.

விஷயம் இதுதான். கால்வாய் வெட்டியபோது குடியிருப்பை இழந்தவர்கள் என்றால், மாற்று வீடு கொடுத்த பிறகுதான் அவர்களைக் கிளப்ப முடியும். எங்கிருந்தோ பிழைக்க வந்து கரையில் குந்தியவர்கள் என்றால், கிளம்பு என்று ஒரு வார்த்தை போதும். துறை இரண்டாவதைச் சொன்னது. இங்கே ஒரு குடியிருப்பு இருந்தது வாஸ்தவம், ஆனால் கொள்ளைநோய் வந்து கால்வாய்க்கு வெகுகாலம் முன்பே காலியாகிவிட்டது என்றது. கூடைக்காரியின் மாமனார், நான் அங்கே பிறந்தவன்தான் என்று போன விசாரணையில் நெஞ்சைத் தட்டிச் சொன்னார். வீடு போகப்போகிறவன் வாய் எதைத்தான் சொல்லாது என்று துறை ஆள் சிரித்துவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்பைத் தாங்காமல் வந்து சேர்ந்தவர்தான் டீச்சர். பக்கத்து நகரத்துக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். காணாமல் போன இந்தக் குடியிருப்பைத் தேடி அலமாரி அலமாரியாகத் தூசி தின்றவர். பழைய நிலப்படம் ஒன்றில் இந்த இடத்தில் வீடுகள் எறும்பு வரிசை மாதிரி இருந்தன. அடுத்து வந்த படத்தில் அதே இடத்தில் ஒரு பள்ளம். நடுவில் என்ன நடந்தது என்று எந்தப் படமும் சொல்லவில்லை. சரி, இடத்தையே தோண்டிப் பார்க்கலாம் என்று வந்தால், தோண்ட ஒன்றுமில்லை. குடியிருப்பு நின்ற மண்ணையே வெட்டி அள்ளிக் கால்வாய்க்குக் கரையாகக் கொட்டிவிட்டார்கள். வீடு போனால் சுவர் மிஞ்சும், சுவர் போனால் தரை மிஞ்சும். தரையே போன ஊரை எங்கே போய்த் தேடுவது?

முள்மரம் ஒன்று முளைத்த இந்த ஒற்றைத் திட்டு மட்டும் பள்ளத்தின் நடுவே தப்பி நின்றது. மண் வெட்டும் இடங்களில் இப்படி ஒன்றை விட்டுவைப்பது வழக்கம். சுற்றிலும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு திட்டைத் தொடாமல் விடுவார்கள். அதன் தலை பழைய தரை, அதன் கால் புதுத் தரை. ஓவர்சியர் வந்து உயரத்தை அளந்து, எவ்வளவு ஆழம் வெட்டினீர்கள் என்று கணக்குப் போடுவார். அளந்து முடித்ததும் அதையும் வெட்டிவிட வேண்டும். இதை யாரோ மறந்துவிட்டார்கள்.

டீச்சர் அதன் மேற்கு ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தபோது, மேலே புல் மண்ணுக்குக் கீழே, அடித்து இறுக்கிய தரைத் துண்டும் அடுப்புச் சாம்பலும் பானை வாயும் கிடைத்தன. டீச்சர் அன்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். வெட்டப்படாத ஒரு வீட்டுத் தரை திட்டின் தலையில் அப்படியே இருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி வசதியாகப் பார்க்கட்டும் என்று கிழக்கு முகத்தை முழுசாகச் செதுக்கும் வேலையைத்தான் இன்று காலை கூடைக்காரியிடம் விட்டிருந்தார்.

வாலிப வயதிலிருந்து மண் சுமந்தவள் அவள். தலையில் கூடை இல்லாமல் பார்த்தால் அடையாளம் தெரியாது என்று கேலி செய்தே அந்தப் பேர் நின்றுவிட்டது. அவளுக்கு அந்தக் கறுப்புக் கோடு என்னவென்று தெரியாமல் இருக்குமா?

தொப்பி.

ஆழம் குறைவாக வெட்டிவிட்டு அதிகக் கூலி வாங்க மண் வெட்டுகிறவர்கள் செய்யும் தந்திரம் அது. திட்டின் தலையில் இருக்கும் புல் மண்ணைத் தோசை திருப்புகிற மாதிரி பதமாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். நடுவில் வேறு மண்ணைத் திணிக்க வேண்டும். புல்லை மறுபடி மேலே வைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டால் திட்டு வளர்ந்துவிடும். பெயர்க்கும்போது அடியில் தங்கிவிடுகிற வேர்கள் மட்டும் செத்து, உள்ளே கறுப்புக் கோடாக நின்று காட்டிக்கொடுக்கும். டீச்சர் பார்த்துக் கை தட்டிய தரை, இந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. அதாவது அது இருந்த இடத்தில் இருக்கும் தரை இல்லை. யாரோ கொண்டுவந்து திணித்த மண்.

"மாமா, கொஞ்சம் இறங்கி வாங்க."

மாமனார் பள்ளத்தின் மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். "கை ஏன் நின்னுச்சு? அதிகாரி வர்ற நேரம்."

"வந்து பாருங்கன்னா வாங்களேன்."

கோலை ஊன்றி இறங்கி வந்தார். திட்டைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலிலேயே அவளுக்குப் பாதி புரிந்துபோயிற்று.

"யாரு வச்ச தொப்பி மாமா இது?"

"எந்தத் தொப்பி? எனக்குக் கண்ணு சரியா தெரியறதில்ல."

"காலையில என் தலையில பேன் ஓடுதுன்னு சொன்ன கண்ணுதானே? என்கிட்டயேவா? நீங்களும் வச்சிருக்கீங்க, நானும் வச்சிருக்கேன். யாருன்னு சொல்லுங்க."

கிழவர் கோல் நுனியால் மண்ணைக் கிளறினார்.

"எங்கப்பன்."

அவள் மறுபடி கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப வேற வேலை கிடையாதும்மா. முதல்ல மேட்டை வெட்டினாங்க. அப்புறம் வீட்டுப் பக்கம் வந்தாங்க. பிரிச்சுக்கன்னாங்க, பிரிச்சோம். மறுநாள் அதே இடத்தை வெட்டுறதுக்கு ஆள் எடுத்தாங்க. நாங்களே போய் நின்னோம். எவனோ வெட்டி எவனோ கூலி வாங்குறதுக்கு நாமளே வெட்டுவோம்னான் எங்கப்பன். அளவு பத்தலன்னு எங்க வீட்டு அடுப்படித் தரையையே பேத்துக் கொண்டாந்து இதுல திணிச்சான். கூடை தூக்கிக் கொடுத்தது நான்."

"இத்தனை நாளா டீச்சர் உங்ககிட்ட வாயைப் பிடுங்கினாங்களே, இதைச் சொல்லியிருக்கலாமே?"

"என்னத்தச் சொல்ல? சொந்த வீட்டைக் கூலிக்கு வெட்டின பயலுகன்னா? அதுலயும் அளவு திருடினாங்கன்னா? அடுத்தவன் சிரிக்க நான் வாயைத் திறக்கணுமா?" கோலால் தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். "தண்ணி இருக்கு. மண்ணு இருக்கு. உன் கையும் இருக்கு. கோட்டை மெழுகி விட்டுடு."

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். குடத்தைச் சாய்த்தாள். சேறு குழைத்தாள். ஓரத்திலிருந்து கோட்டின் மேல் ஒரு சாண் நீளம் தடவினாள். கோடு மறைந்தது. எவ்வளவு சுலபம்! இன்னும் நாலு தடவல். மகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் தடவிய இடம் ஈரமாகப் பளபளத்தது. வெயில் இன்னும் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. காய்வதற்குள் வந்துவிட்டால்? வரப்போவது அதிகாரி மட்டுமா? கூடவே துறையின் ஓவர்சியரும் வருகிறான். ஆயுள் முழுக்கத் திட்டு அளந்தவன். தொப்பி என்றால் மோப்பத்திலேயே கண்டுபிடிப்பவன். ஒரு இடத்தில் சேற்றைப் பார்த்தான் என்றால் போதும், மொத்தத் திட்டும் போன வாரம் இவர்கள் செய்த பொம்மை என்று சொல்லிவிடுவான். டீச்சர் மானமும் கூடவே போகும்.

சேறு கையில் இறுகிக்கொண்டிருந்தது. கூடைக்காரி முந்தானையைத் தண்ணீரில் நனைத்தாள். தடவிய சேற்றை அவளே துடைத்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் மாமனார். கோபம் வந்தால்தான் அவர் அவளை 'டி' போடுவார்.

"டீச்சரைக் கூப்பிடப் போறேன்."

"என்னைக் கேட்டியா?"

"வீடு நிக்கட்டும் மாமா, அப்புறமா வீட்டுக்குள்ள உக்காந்து உங்களைக் கேக்குறேன்."

டீச்சர் ஓடிவந்தார். கூடைக்காரி சுற்றி வளைக்காமல் சொன்னாள். தொப்பி என்றால் என்ன, இது யார் வைத்தது, எந்த மண். டீச்சர் குந்தி உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அறிக்கையில இதுக்கு நேர்மாறா எழுதியிருக்கேன். வெட்டாத தரை, இருந்த இடத்துல இருக்குன்னு. அது அதிகாரி மேசையில இருக்கு."

"தெரியும் டீச்சர்."

"நேத்தாவது சொல்லியிருக்கலாமே?"

"நேத்து இந்தப் பக்கம் மண்ணு மூடியிருந்துச்சே. நான் என்ன மண்ணுக்குள்ள பூந்தா பாக்குறது?"

டீச்சருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி ஒல்லியான மனிதர். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பின்னாலேயே ஓவர்சியர். ஓய்வு பெறும் வயசு, பெருத்த தொந்தி, வேட்டைக்கு வந்தவன் மாதிரி உற்சாகம். கரை வீட்டு ஜனங்கள் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள்.

டீச்சர் முந்திக்கொண்டார். "சார், பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். என் அறிக்கையில ஒரு தப்பு இருக்கு. இந்தத் தரை இருந்த இடத்துலயே இல்ல. யாரோ இதுல கொண்டாந்து போட்டது. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். அதற்குள் ஓவர்சியர் திட்டிடம் போய்விட்டான். கோட்டைப் பார்த்ததும் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அடேயப்பா! தொப்பி! சார், இங்க வந்து பாருங்க. பொய்த் திட்டு சார் இது. மேல புல்லு, நடுவுல குப்பை, கீழதான் அசல் தரை. நான் அப்பவே சொல்லல? கேஸுக்காகப் போன மாசம் ராவோட ராவா திணிச்சிருக்காங்க."

விளிம்பில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கூடைக்காரி திட்டின் மேலேயே சாய்ந்துகொண்டாள்.

"போன மாசமா?" டீச்சர் திட்டுக்குக் கிட்டே போனார். மேலே நின்ற முள்மரத்திலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தார். "இந்த வேரைப் பாருங்க. கை தண்டி இருக்கு. புல் மண்ணைத் துளைச்சு, திணிச்ச மண்ணைத் துளைச்சு, அசல் தரைக்குள்ள போகுது. போன மாசம் திணிச்ச மண்ணுக்குள்ள இது எப்படி சார் போச்சு?"

அதிகாரி வேரைத் தொட்டுப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். "மரத்துக்கு வயசு ஆயிருக்கு" என்றார்.

ஓவர்சியர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்படின்னா அப்பவே வச்சது சார். கால்வாய் வெட்டும்போது வச்ச தொப்பி. எங்க துறையை ஏமாத்தி அளவு திருடியிருக்காங்க. பரம்பரைத் திருட்டு! என்னைக் கேட்டா, எனக்கு முன்னாடி இருந்த ஓவர்சியர் கண்ணு பொட்டை. நானா இருந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்." பேசிக்கொண்டே திணித்த மண்ணிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டைப் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தான். உதிர்த்தான். திருப்பினான். அவன் கண் விரிந்தது. "சார்! சிமெண்ட்! அடுப்புத் தரை மேல சிமெண்ட் பூசியிருக்காங்க. அந்தக் காலத்துல இந்தச் சுத்துவட்டாரத்துலயே சிமெண்ட் ஏது? கால்வாய் ஷெட்டுல மட்டும்தான் இருந்துச்சு. எங்க சிமெண்டையும் திருடியிருக்கானுங்க!"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே நின்றான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது.

அதிகாரி கைநீட்டித் துண்டை வாங்கிக்கொண்டார். "அப்ப, கால்வாய் வேலை ஆரம்பிச்சு சிமெண்ட் வந்ததுக்கு அப்புறமும் இந்த அடுப்புல யாரோ சமைச்சிருக்காங்க. பூச்சு மேலயே கரி இருக்கே."

"அது... வேலைக்கு வெளியூர்ல இருந்து ஆளுங்க வந்தாங்க சார். கூடாரம் போட்டுத் தங்கினாங்க. அவங்க அடுப்பா இருக்கும்."

டீச்சர் துண்டைச் சாய்த்து உடைந்த ஓரத்தைக் காட்டினார். சிமெண்ட் ஒரு தோல்தான். அதற்குக் கீழே மண் பூச்சு, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. ஒவ்வொன்றும் வெந்து சிவந்து, ஒவ்வொன்றின் முகத்திலும் கரி. வெங்காயத்தோல் மாதிரி அடுக்கியிருந்தது. "கூடாரம் போட்டவங்க ஒரு அடுப்பை இத்தனை தடவை பூச மாட்டாங்க சார். இது பல வருஷம் எரிஞ்ச அடுப்பு. கடைசிப் பூச்சு மட்டும்தான் உங்க சிமெண்ட்."

அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு விளிம்பைப் பார்த்துக் கேட்டார்.

"இது யார் வீட்டு அடுப்பு? யார் இதை இங்க திணிச்சது? தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. நான் எழுதிக்கணும். யாருதுன்னே தெரியாத அடுப்பை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஓவர்சியரின் முகத்தில் மறுபடி தெம்பு ஏறிற்று. "எப்படிச் சொல்லுவாங்க? சொன்னா திருடன்னு ஆயிடுமே."

கூடைக்காரி மேட்டைப் பார்த்தாள். குடைக்குக் கீழே மாமனாரின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவளே சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை. கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதிகாரி கையிலிருந்த விசாரணைக் கோப்பை மூடப் போனார். மூடியேவிட்டார்.

அப்போது குடை மடங்கியது.

கிழவர் இறங்கி வந்தார். வழுக்கிய இடத்தில் யாரோ கை கொடுத்தார்கள், தட்டிவிட்டார். அதிகாரியிடம் நேராகப் போகவில்லை. ஓவர்சியர் எதிரில் போய் நின்றார்.

"பரம்பரைத் திருட்டுன்னியே தம்பி, அந்தப் பரம்பரை நான்தான். தொப்பி வச்சது எங்கப்பன். சிமெண்டைக் கோவணத்துணியில முடிஞ்சு கொண்டாந்ததும் அவன்தான். அடுப்பு வெடிச்சிருக்குன்னு எங்கம்மா நச்சரிச்சா. அவதான் பூசினா. பூசின கொஞ்ச நாள்லயே வீட்டைப் பிரிக்கச் சொன்னாங்க. நல்லா இறுகின தரை, வீணாப் போகுதேன்னு அழுதா. எங்கப்பன் அதைப் பேத்தெடுத்து இதுல போட்டான்." அதிகாரி பக்கம் திரும்பினார். "எழுதிக்கய்யா. திருடன்னே எழுதிக்க. ஆனா அதுக்குப் பக்கத்துலயே வீட்டுக்காரன்னும் எழுது. வீடு இல்லாதவனுக்கு எதுக்குய்யா சிமெண்டு?"

விளிம்பில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரை வேறு யாரோ அடக்கினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் கோப்பை வைத்து நின்றபடியே எழுதினார். அப்பா பேர் கேட்டார், அம்மா பேர் கேட்டார், வீடு எந்தத் திக்கைப் பார்த்து இருந்தது என்று கேட்டார், பக்கத்து வீடு யார் என்று கேட்டார். கிழவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, விளிம்பில் நின்ற சில கிழங்கள், "ஆமா, எங்க வீடு அதுக்கு அடுத்தது" என்று தாங்களாகவே இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். இத்தனை நாளும் டீச்சர் துருவித் துருவிக் கேட்டும் கையை விரித்தவர்கள்.

எழுதி முடித்ததை அதிகாரி வாய்விட்டுப் படித்தார். அளவில் செய்த மோசடி என்ற வார்த்தை வந்தபோது கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தலையாட்டினார். விரலில் மை தடவி ஒற்றினார்.

"விசாரணை முடியறவரைக்கும் கரையில ஒரு வீட்டையும் தொடக்கூடாது" என்று அதிகாரி ஓவர்சியரிடம் சொன்னார். "மாற்று இடம் எங்கன்னு உங்க துறை எழுத்துல பதில் கொடுக்கணும். அதுவரைக்கும் இந்தத் திட்டுக்கு நீங்கதான் பொறுப்பு. ஒரு பிடி மண்ணு குறைஞ்சாலும் உங்களைத்தான் கேப்பேன்."

"நானா சார்? இதுக்கா?"

"நீங்கதானே கண்ணு உள்ள ஓவர்சியர்."

ஜீப் திரும்பிப் போனது. கூடைக்காரி அப்போதுதான் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோமா என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் இல்லை, ஆனால் இனிமேல் யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்றார் டீச்சர். அதற்கு என்ன அர்த்தம் என்று கூடைக்காரிக்கு முழுசாக விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம், இப்போதைக்கு மூட்டை கட்டாதே என்று சொல்லலாம். அதுவே போதும் என்று இருந்தது.

மாமனார் மட்டும் போகவில்லை. அதிகாரி பத்திரமாக வைக்கச் சொல்லி, டீச்சர் பைக்குள் போடப் போன அடுப்புத் துண்டைக் கேட்டு வாங்கினார். அந்தச் சிமெண்ட் தோல் மேல் கட்டைவிரலை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தார். அம்மா கை போன வழியாக இருக்க வேண்டும்.

"இதை நான் வச்சுக்கட்டுமா டீச்சர்?"

டீச்சருக்குச் சொல்ல மனசே வரவில்லை. "கேஸ் முடியறவரைக்கும் முடியாது தாத்தா. இது இப்ப சர்க்கார் பொறுப்புல இருக்கு."

"வீட்டைப் பிரிக்கச் சொன்னப்பவும் அதேதான் சொன்னாங்க" என்றார் கிழவர். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருமகள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.